லெம்பியின் படகுக்குக் குளிர்காலம்

"அம்மணி, அது எதிர்ப்பக்கம்! அப்படித் திருகினா இன்னும் இறுகும்."

"எனக்கென்ன தெரியும் டிரைவர் சார்? நீங்க படகைப் பார்ப்பீங்க, நான் காபி போடுவேன். இத்தனை வருஷமா அதுதானே நடந்துச்சு?"

லெம்பி ஸ்பானரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். ஏரிக்கரையில், படகைத் தூக்கி நிறுத்தும் இரும்புச் சட்டமான லிஃப்ட்டின் மேல் அவளுடைய படகு அடிவயிறு தெரிய உட்கார்ந்திருந்தது. காலையில்தான் பக்கத்து வீட்டு டிராக்டர் அதை லிஃப்ட்டோடு சேர்த்துக் கரைக்கு இழுத்து வைத்திருந்தது. இன்னும் கொஞ்ச நாளில் ஏரி உறைந்துவிடும்.

அர்வோ பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு இந்தக் கரைக்குக் குடிவந்தவர். கணவனை இழந்த லெம்பிக்கு ஒவ்வொரு வருஷமும் படகைக் குளிருக்குத் தயார் செய்து கொடுப்பவர் அவர்தான். இந்த முறை மட்டும் தொட மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அடுத்த வருஷம் நான் இங்க இருக்க மாட்டேன். மினியாபொலிஸ்ல மக எனக்காக மாடி அறைக்குப் பெயின்ட் அடிச்சு வெச்சிருக்கா. சனிக்கிழமை மாப்பிள்ளை வண்டியோட வரார். நீங்களே செய்யப் பழகிக்கங்க."

"தாராளமாப் போங்க. யார் வேண்டாங்கறா?" லெம்பி வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கோபத்தை அப்புறம் வெச்சுக்கலாம். முதல்ல படகுக்கு அடியில இருக்கிற அடைப்பானைக் கழட்டுங்க."

"கழட்டினா உள்ள தண்ணி வந்துடாதா?"

"தரையில நிக்கிற படகுக்குள்ள எங்கேருந்து தண்ணி வரும்? உள்ள தேங்கினது வெளிய போகணும். இல்லன்னா உறைஞ்சு, படகைப் பிளந்துடும்."

கழற்றினாள். அடைப்பான் கை நழுவிக் காய்ந்த இலைகளுக்குள் உருண்டது. இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். தலையும் தலையும் முட்டிக்கொண்டன.

"என் பஸ்ல வந்த வாண்டுங்க உங்களைவிடச் சமத்து," என்றார் அர்வோ, நெற்றியைத் தேய்த்தபடி.

"அதுங்களையும் இப்படித்தான் வறுத்தெடுத்தீங்களா? பாவம்!"

மோட்டாரில் பழைய ஆயிலை வடிக்கச் சொன்னார். லெம்பி கீழே பாத்திரம் வைக்காமலே திருகாணியைத் திறந்தாள். ஆயில் மொத்தமும் அவருடைய பூட்ஸின் மேல் இறங்கியது. பெட்ரோல் கெடாமல் இருக்க ஊற்றும் மருந்தை, ஆயில் போகும் துளையில் ஊற்றப் போனாள். அர்வோ பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தவர் சட்டென்று விடவில்லை. அவளும் இழுத்துக்கொள்ளவில்லை.

கடைசியில் தார்ப்பாயைப் போர்த்தினாள். உள்பக்கம் வெளியே தெரிந்தது. ஒரு முனையைக் கட்டினால் மறுமுனை காற்றில் பறந்தது.

"சரியாப் போச்சு! வசந்தத்துல தண்ணில இறக்கின அன்னிக்கே இதை முழுகடிச்சிடுவீங்க."

"முழுகட்டும். உங்களுக்கென்ன? நீங்க மாடி அறையில உட்கார்ந்து பேரப்பிள்ளைங்களோட கேக் சாப்பிடுவீங்க." காபி போடுகிறேன் என்று சொல்லிவிட்டு விறுவிறுவென வீட்டுக்குள் போய்விட்டாள்.

அர்வோ பெருமூச்சு விட்டார். தார்ப்பாயைப் பிரித்துப் போட்டுவிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து தானே செய்தார். பிறகு அவளோடு உட்கார்ந்து, ஏலக்காய் ரொட்டியைக் காபியில் தோய்த்துத் தின்றார்.

வீட்டுக்கு வந்து பூட்ஸைக்கூடக் கழற்றாமல் மகளுக்குப் போன் போட்டார்.

"கேரின், மாப்பிள்ளையை வர வேண்டாம்னு சொல்லிடும்மா. நான் இங்கேயே இருந்துடறேன்."

"என்னப்பா இது, திடீர்னு?"

"லெம்பிக்குப் படகு வேலை ஒண்ணுகூட வரலை. எல்லாமே தப்பு. தனியா விட்டுட்டு வர மனசு கேக்கலை."

மகள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"லெம்பி ஆன்ட்டிக்கா? அப்பா, அவங்க எங்க வீட்டுக்காரரோட ஊர்ல படகு ரிப்பேர் பட்டறை வெச்சிருந்தவங்க! போன கோடையில அங்க வந்தப்போ பார்த்ததுமே இவர் அடையாளம் கண்டுக்கிட்டார். கண்ணை மூடிக்கிட்டே மோட்டாரைப் பிரிச்சுப் பூட்டுவாங்களாம். உங்களுக்குத் தெரியவே தெரியாதா?"

"குடிவந்த வருஷமே தெரியும்," என்றார் அர்வோ. "அப்படிப்பட்டவ இன்னிக்கு அத்தனையையும் தப்பாச் செய்ய எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பா! அவளை விட்டுட்டு எப்படிம்மா வரது?"