நல்ல தண்ணி

அலெக்சாண்டரின் நீலப் பிக்கப்பின் உடல் முள்ளியவளைக் கராஜின் கூரை இரும்பு வளையில் சங்கிலியால் தொங்குகிறது. அதைத் தாங்கியிருந்த இரும்புச் சட்டம், சேசிஸ், கீழே மரக்குற்றிகளில் கிடக்கிறது. மெக்கானிக் நவரத்தினம் குந்தியிருந்து அதைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போகிறார். முன்பக்கம் மணிபோல் கேட்ட சத்தம் நடுவில் தகரச் சத்தமாகிறது. பின்பக்கம் சத்தமே இல்லை, சுத்தியல் உள்ளே போய்விடுகிறது. துருப் பொருக்குகள் அவர் காலடியில் உதிர்கின்றன. மேலே, கதவுகள் காலை வெயிலில் மின்னிக் கண்ணைக் கூச வைக்கின்றன. பதினொரு வருடம் மீன் ஏற்றிய வாகனம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். "இது ஒட்டிச் சரிவராது அண்ணை. வேற சேசிஸ்தான் போடவேணும். வவுனியாவிலயும் விசாரிச்சிட்டன், இந்த மொடலுக்கு இல்லையாம்," என்கிறார் நவரத்தினம். "ஒருநாளும் கழுவாமல் விட்டதில்லை, பாஸ்," என்கிறார் அலெக்சாண்டர். "எங்க கழுவுறனீங்கள்?" "களப்புக்குள்ள இறக்கித்தான். ஒவ்வொரு பின்னேரமும்." சுத்தியல் நிற்கிறது. "அது உப்புத் தண்ணியெல்லோ. நல்ல தண்ணியில கழுவியிருக்கலாமே." "நல்ல தண்ணி எங்களுக்குக் குடிக்கவே பவுசர் லொறியிலதானே வருது." நவரத்தினம் எழும்பிப் போய், கிணற்றுக் குழாயைத் திறந்து கை கழுவுகிறார். அதை மூடாமலே அடுத்த வாகனத்துக்குப் போய்விடுகிறார். குழாயடியில் இருந்த வாளி நிரம்பி வழிகிறது. கிணற்றுத் தண்ணீர் சேசிசின் அடியால் ஓடுகிறது. அலெக்சாண்டர் பதறிப்போய்க் குழாயை இறுக்கி மூடுகிறார். பிறகு தோளிலிருந்த துண்டை வாளியில் நனைத்துப் பிழிந்து, தொங்கிக்கொண்டிருக்கும் கதவில் பட்டிருந்த கிறீஸ் விரலடையாளத்தைத் துடைக்கத் தொடங்குகிறார்.