தேவமணியின் சதுரங்கம்

பாளையங்கோட்டை மகாஜனங்களுக்கு அறிவிப்பது: 1998-ல் எங்கள் கல்லூரியின் ஒரே லினக்ஸ் கணினி புதிய பதிப்புக்கு உயர்ந்தது. ரிப்பன் வெட்ட பிரின்சிபால் வருவதற்குள் முடிக்காவிட்டால் லேப் பொறுப்பாளர் நேசையாவுக்கு வேலை போய்விடும்.

புதிய பதிப்பு ஏற வேண்டுமானால் பழைய சதுரங்க விளையாட்டை நீக்கச் சொன்னது கணினி. நீக்கப்போனால், "முடியாது; இதை நம்பி தேவமணி இருக்கிறார்" என்றது. அந்த இடத்தில் ஏதாவது மென்பொருளின் பெயர்தான் வர வேண்டும். தேவமணி, நேசையாவோடு சாயங்காலந்தோறும் அதை ஆடிய வாத்தியார். போன வருஷம் அடக்கம் பண்ணினோம்.

"உமக்கு இன்னும் ஆசை அடங்கலையா வே? பிரின்சிபால் வாராரு. சரி, ஒரே ஆட்டம். அப்புறம் விட்டுரணும்" என்றார் நேசையா, திரையைப் பார்த்து.

இருவர் ஆடும் ஆட்டம், எதிரே ஆளில்லை. நேசையா வெள்ளையை நகர்த்த, கறுப்புக் காய்கள் பைய நகர்ந்தன.

பிரின்சிபால் வந்தபோது புதிய பதிப்பு ஓடிக்கொண்டிருந்தது. தேவமணி வழக்கம்போல் தோற்றிருந்தார்.