இரண்டாவது மிஸ்டு கால்

2024 ஜூலை 3, புதன்கிழமை, நாடெங்கும் செல்பேசி ரீசார்ஜ் கட்டணம் உயர்ந்தது.

தென்காசி கீழப்புலியூரில் முத்துக்குமாரசாமி அன்றே தன் மனைவி இராமலட்சுமியின் செல்பேசிக்கு ரீசார்ஜ் செய்வதை நிறுத்தினார்.

வீட்டில் வைஃபை இருக்கிறது. ஆப் வழியாகப் பேசினால் தனிக் காசு கிடையாது. வீட்டிலேயே இருப்பவளுக்கு எதற்கு ரீசார்ஜ் என்று கேட்டார்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் காசில்லாத அந்த ஆப்பிலும் அவர் பேசுவதில்லை. மிஸ்டு கால்தான் கொடுப்பார்.

ஒரு முறை அடித்து நின்றால் காரியம் பழம். மறுபடியும் அடித்தால் காய். அவர் கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்த்த காலத்திலிருந்து அந்த வீட்டின் ஏற்பாடு அது. கொடுத்த கையோடு டேட்டாவை அணைத்துவிடுவார்.

"ஃப்ரீன்னுதான சொன்னீங்க. ரெண்டு வார்த்தை பேசுனா என்னவாம்?" என்று இராமலட்சுமி கேட்டுப் பார்த்தாள்.

"குத்தால அருவியுந்தான் ஃப்ரீ. அதுக்காவ நாள் பூரா அங்கனயே நிப்பமா?"

ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை, அவர் குற்றாலத்துக்குப் போயிருந்தார். குளிக்க அல்ல.

குற்றாலத்தில் லாட்ஜ் நடத்தும் மகாதேவன் குடும்பத்தோடு வந்து இவர் மகள் ஜோதியைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார். ஜாதகம் பொருந்தியது. பையன் கௌரிசங்கருக்கு ஜோதியைப் பிடித்தது. ஜோதிக்கு அவனை அதைவிடப் பிடித்தது.

அந்த வாரமே ஆடி பிறக்கிறது. ஆடியில் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நேரில் வாருங்கள், முடிவு சொல்கிறோம் என்றிருந்தார் மகாதேவன்.

இராமலட்சுமி ரவையை வறுத்து வைத்திருந்தாள். பழம் என்றால் கேசரி. காய் என்றால் உப்புமா.

செல்பேசி ஒரு முறை அடித்து நின்றது.

"ஏட்டி ஜோதி! ஒண்ணுட்டி! ஒண்ணு!"

அவள் சீனி டப்பாவைத் திறந்தாள். செல்பேசி மறுபடியும் அடித்தது.

டப்பாவை மூடிவிட்டுக் கடுகை எடுத்தாள். கண் கலங்கிவிட்டது.

ஜோதி வந்து செல்பேசியை எடுத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எம்மா, இது பழைய போன் இல்ல, நெட் கால். சிக்னல் விட்டுப்போச்சுன்னா அதுவா இன்னொருக்கா அடிக்கும். குத்தாலத்துல சீசன் கூட்டம். ஆளுக்காளு அருவிய வீடியோ கால்ல காட்டிட்டு நிக்கான். டவர் என்ன செய்யும்?"

"அப்ப ஒண்ணுதானா?"

"ஒண்ணுதாம்மா."

"எதுக்கும் உன் போன்ல அப்பாவக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளேன்."

"கல்யாணப் பொண்ணு நானே கேக்கவா? நல்லாருக்கும்."

இராமலட்சுமிக்கு அது நியாயமாகப் பட்டது. கடுகை வைத்துவிட்டுச் சீனியைக் கொட்டினாள்.

சிங்கப்பூரில் இருக்கும் தங்கை வடிவுக்கு வீடியோ கால் போட்டாள். சம்பந்தத்தைக் கொண்டுவந்ததே வடிவுதான். அதே கட்டடத்தில் நான்கு மாடி மேலே மகாதேவனின் அக்கா கோமதி குடியிருந்தாள்.

வடிவு செல்பேசியைக் கையில் பிடித்தபடியே லிஃப்டில் ஏறினாள். லிஃப்டுக்குள் படம் உறைந்து, கோமதியின் வாசலில் மறுபடியும் உயிர்பெற்றது.

"எனக்குச் சொல்லாம முடிவு பண்ணிட்டானா என் தம்பி?" என்றாள் கோமதி. "போட்டும். நல்ல முடிவாத்தான் பண்ணிருக்கான்."

கோமதி கோயம்புத்தூரில் இருக்கும் தன் மகளை அழைப்பில் சேர்த்தாள். மகள் தோகாவில் இருந்த தன் மாமியாரைச் சேர்த்தாள். மாமியார் தன் பங்குக்கு இன்னும் சிலரைச் சேர்த்தார். செல்பேசித் திரையில் எட்டுக் கட்டங்களில் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். யாருக்கும் தனியாக ஒரு பைசா செலவில்லை.

கடைசியாகக் கோமதி தன் தம்பியை அழைத்தாள்.

அந்த நேரத்தில் முத்துக்குமாரசாமி தென்காசிக்குத் திரும்பும் பேருந்தில், ஈரத்துண்டு போட்டவர்களுக்கு நடுவே நசுங்கிக்கொண்டிருந்தார். வாசுதேவநல்லூரில் தோப்போடு வேறொரு பெண் வந்திருப்பதால் இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று மகாதேவன் சொல்லிவிட்டார். இரண்டு மிஸ்டு காலும் அவரே கொடுத்ததுதான். மகள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதை மட்டும் யோசித்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நெய் வாசனை அடித்தது. வாயைத் திறந்தார். இராமலட்சுமி அதில் ஒரு கரண்டி கேசரியை வைத்தாள்.

அவர் விழுங்கி முடிப்பதற்குள் சட்டைப் பையில் செல்பேசி அடித்தது. ஆப் இல்லை, சாதாரண அழைப்பு. மகாதேவன்.

"அண்ணாச்சி, காலையில சொன்னத மனசுல வச்சிக்கிடாதீங்க. அக்கா அரை மணி நேரமா லைன்ல நிக்காக. கோயம்புத்தூரு, தோகா எல்லாம் வாழ்த்திட்டாக. அக்கா பேச்ச நான் தட்டுனது கிடையாது. நாளைக்கே வந்து பூ வச்சிருதோம்."

"சரி," என்றார் முத்துக்குமாரசாமி. வாயில் இன்னும் முந்திரி இருந்தது.

மனைவியைப் பார்த்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் மறுபடியும் வாயைத் திறந்தார், கேசரிக்கு.

ஜோதி தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுடைய செல்பேசியில் கௌரிசங்கரின் செய்தி ஒன்று கிடந்தது. 'அப்பா வேண்டாம்னுட்டாங்க. இப்பதான் உங்க அப்பா கிளம்பிப் போறாங்க.' அது வீட்டில் முதல் மிஸ்டு கால் அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே வந்தது.

அவள் அதை அழித்தாள்.

ஆவணியில் இலஞ்சிக் கோயிலில் திருமணம் நடந்தது.