பூட்ட முடியாத பிஸ்டல்

நாயைச் சுடுவது என்று துரை முடிவு பண்ணியாச்சு. பிரித்த பிஸ்டலைத்தான் இன்னும் திரும்பச் சேர்த்துப் பூட்ட முடியவில்லை.

வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம், வெள்ளைக்காரத் துரை. பங்களா விறாந்தையில் பிரம்பு மேசை, மேசைமேல் துவாய், துவாயில் பிஸ்டல் துண்டு துண்டாகக் கிடந்தது. சண்டைக்காலத்துச் சாமான். எண்ணெய் போடுவதற்காகத் துரையே பிரித்திருந்தார். சமையல்கார அப்பு அழகுமுத்து பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகத் துடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

படிக்குக் கீழே, கயிற்றில் கட்டிய நாயோடு, தொழிலாளர் லயத்திலிருந்து வந்த காளியாயி.

நாயின் பெயர் டிங்கிரி. சிங்களத்தில் 'குட்டியூண்டு' என்று அர்த்தம். அது என்னவோ கன்றுக்குட்டி மாதிரி நின்றது. துரைசானி ஆசையாக வளர்த்த வாத்தை முழுசாகத் தின்றதுதான் அது செய்த குற்றம்.

"இந்தக் குளிருல எம்புள்ளைக அதக் கட்டிக்கிட்டுத்தாங்க தூங்குதுக, தொரை. இந்த ஒரு தடவ விட்டுருங்க."

துரை நிமிரவில்லை. "வாத்து தின்ன நாய் சுடும். பேச்சு இல்லே."

காளியாயியின் ஆத்திரம் அப்பு பக்கம் திரும்பியது.

"நீயும் லயத்துல பொறந்தவன்தானே அண்ணே? இதுக்கு எலும்பு போட்டு வளத்தவனும் நீதானே? இப்ப கொல்ற சாமானப் பளபளன்னு தொடச்சுக் குடுக்கிறியே, கை கூசல?"

"ம்ம்" என்றான் அழகுமுத்து. அவ்வளவுதான்.

ஜன்னலில் துரைசானியின் தலை தெரிந்தது. "என் வாத்து போச்சு! நீ இன்னும் சுடலியா?"

துரை அவசரமாகப் பூட்டினார். பூட்டிய பிஸ்டல் கையோடு கழன்று வந்தது.

"ஸ்பிரிங் எங்கே? ஆணி எங்கே?"

அழகுமுத்து குனிந்து தேடினான். மேசைக்கடியில், பூச்சட்டிக்குப் பின்னால், பாய்க்குக் கீழே. தானும் வந்து தேடுகிறேன் என்பதுபோல டிங்கிரி வாலாட்டிக் கயிற்றை இழுத்தது.

"முட்டாள்! நீதான் தொலைச்சது. வாயில் என்ன?"

"வெத்தலைங்க, தொரை."

பங்களாவுக்குள் வெற்றிலை போட்டால் அன்றைக்கே வேலை போய்விடும். காளியாயிகூட ஒரு நொடி நாயை மறந்துவிட்டாள். துரை ஏனோ அதைப் பெரிதுபடுத்தவில்லை. உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவுமில்லை.

"பிஸ்டல் பழுது" என்றார் கடைசியில், நாயை முறைத்துக்கொண்டு. "நாய் கொண்டு போ! இன்னொரு வாத்து தொட்டா, கொழும்பிலேயிருந்து புதுப் பிஸ்டல் வரும்!"

காளியாயி கும்பிட்டு முடிப்பதற்குள் டிங்கிரி அவளை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டது. போகிற போக்கில் திரும்பிச் சொன்னாள்:

"ஒரு ஆணியப் பத்திரமா வச்சுக்கத் தெரியல ஒனக்கு. அந்தப் புண்ணியத்துல என் நாய் பொழச்சுச்சு, போ!"

அவள் தேயிலைக்குள் மறைந்ததும் அழகுமுத்து உள்ளங்கையில் துப்பினான். வெற்றிலை இல்லை. ஆணி.

துரை அதையே பார்த்தார். பிறகு மெதுவாகத் தன் வலது காலைச் சப்பாத்தோடு தூக்கினார். கீழே ஸ்பிரிங்.

"லயத்தில் சொல்லாதே. அப்புறம் காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களத்தில் ஒரு ஆள் எனக்குப் பயப்படாது."

"தொரைசானிகிட்ட நீங்க சொல்லிறாதீங்க, தொரை. நாய்க்குப் பதிலா என்னைச் சுட்டுருவாங்க."

இருவருமாகப் பிஸ்டலைப் பூட்டினார்கள். சிக்கலே இல்லாமல் பூட்டிக்கொண்டது. பெட்டியில் வைக்கப் போனால், குண்டு டப்பா காலி.

"நீயா?"

"இல்லீங்களே. தொரை இல்லையா?"

அதற்குள் துரைசானி தேத்தண்ணீர்த் தட்டோடு வந்து, 'டொக்'கென்று மேசையில் வைத்தார்.

"ரெண்டு ஆம்பளை. ஒரு நாய் சுட முடியலே!"

பதில் பேசப் பயந்து, துரை சீனிக் கிண்ணத்துக்குள் கரண்டியை விட்டார்.

'டங்'கென்றது.

சீனியோடு சேர்ந்து, கரண்டியில் ஏறி வந்தது ஒரு குண்டு.