காலர் கிழிந்த சட்டை

அந்த மனிதர் போட்டிருந்த சட்டை யாரோ தானமாகக் கொடுத்தது என்று பார்த்ததுமே சூசைநாதனுக்குத் தெரிந்துவிட்டது. மடிப்புக் கலையாத புதுச் சட்டை, கை மட்டும் கொஞ்சம் நீளம். பாவம், வெளியே போட்டுக்கொண்டு வர வேறு துணி இல்லை போலிருக்கிறது.

சிங்கப்பூர் உட்லண்ட்ஸில், வசதியில்லாதவர்களுக்கான ஓர் அரசு வாடகை பிளாக்கின் கீழ்த்தளத்தில் சந்திப்பு. தேவாலய உதவிக் குழுவிடம் மளிகைச் சாமான் கேட்டு எழுதியிருந்த தனசேகரனை நேரில் பார்த்து, சூசைநாதன் பரிந்துரைக்க வேண்டும். துணைக்குப் புதிதாகச் சேர்ந்த பெலிக்ஸ் என்பவரும் வருவார் என்று குழுத் தலைவி சங்கீதா சொல்லியிருந்தார். ஆளை இன்னும் காணோம்.

போன தடவை சூசைநாதன் தங்கக் கடிகாரமும் சென்ட்டுமாகப் போய் நின்றதில், அந்த வீட்டு அம்மாள் கூச்சப்பட்டுக் கதவையே திறக்கவில்லை. "இன்னொரு தடவை இப்படிப் பண்ணீங்கன்னா, நாற்காலி அடுக்கற வேலைதான் உங்களுக்கு" என்று சங்கீதா கறாராகச் சொல்லிவிட்டார். அதனால்தான் இன்று காலர் கிழிந்த சட்டை, தேய்ந்த சிலிப்பர். காரைக்கூட நான்கு பிளாக் தள்ளி நிறுத்தியிருந்தார். கிளம்புமுன் கண்ணாடியில் பார்த்தபோது, தம் தாழ்மையை நினைத்து அவருக்கே புல்லரித்தது.

அக்கம்பக்கத்தார் காதில் விழும்படி யார் பேரையும் சொல்லக் கூடாது என்பது குழுவின் முதல் விதி.

"சர்ச்சுல சொல்லியிருப்பாங்களே..." என்று மெல்ல இழுத்தார்.

"ஆமாங்க, சொன்னாங்க!" அந்த மனிதர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "மொதல்ல சாப்பிடலாம், வாங்க."

எதிர்க் கோப்பிக்கடையில் பரோட்டாவும் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீயும் வந்தன. கொடுப்பதை மறுக்கக் கூடாது என்பது இரண்டாவது விதி. இல்லாத நிலையிலும் இப்படி ஓர் உபசாரமா என்று சூசைநாதன் உருகிப்போனார்.

"வீட்ல எத்தனை பேருங்க?" என்று விசாரணையைத் தொடங்கினார்.

"நாலு பேரு. உங்க வீட்ல?"

என்ன பண்பு! "நானும் சம்சாரமும்தான். வேலைய விட்டு மூணு வருஷம் ஆச்சு."

"பிள்ளைங்க பாத்துக்கறாங்களா?"

"எங்க லா! கிறிஸ்மஸுக்கு வந்தா உண்டு."

"சொந்த வீடா?"

நீச்சல்குளம் வைத்த காண்டோ வீடு என்று சொன்னால் மனிதர் கூசிப்போவார். "ஏதோ, தலைக்கு மேல ஒரு கூரை இருக்கு" என்றார் சூசைநாதன்.

அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னொரு பரோட்டா வரவழைத்துத் தட்டில் வைத்துவிட்டு, கைப்பேசியில் எதையோ தட்டினார்.

இப்பேர்ப்பட்டவருக்கு மளிகை வாங்கித் தராமல் ஓய்வதில்லை என்று சூசைநாதன் தீர்மானித்தார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து பேசிவிட வேண்டியதுதான். முதல் வரிகூடத் தயாராகிவிட்டது. சங்கீதா கைதட்டாமல் எங்கே போய்விடுவார்?

அந்த மனிதர் எழுந்து இரண்டு மேசை தள்ளிப் போய்ப் போன் செய்தார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். ஆனாலும் நன்றாகவே கேட்டது.

"சங்கீதா சிஸ்டர், பெலிக்ஸ் பேசறேன். கூட வரவேண்டிய மெம்பர் இன்னும் வரல, நானே பேசி முடிச்சுட்டேன். உடனே சாமான் அனுப்பிடுங்க."

ஓரக்கண்ணால் இவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"மனுசனுக்கு ஒரு நல்ல சட்டைகூட இல்ல லா!"