வலப்பக்க வகிடு

மரக்கட்டையில் செதுக்கியிருந்த பெண் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள். வகிடு வலப்பக்கம். நாத்தனாரின் தோளுக்கு மேலாக அண்ணி எட்டிப் பார்த்தாள்.

போச்சு, கண்டுபிடித்துவிட்டாள்!

நாத்தனார் தலை நிமிரவில்லை. தீப்பெட்டி அளவு மரக்கட்டையில் சிற்றுளியால் முடி முடியாகக் கீறிக்கொண்டிருந்தாள். படத்துக்கு அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி என்னவோ எழுத்துகள். அதைப் படிக்கும் நிதானம் அண்ணிக்கு இல்லை. இதுவரை அச்சான படங்களைத்தான் பார்த்திருக்கிறாள், கட்டையைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

அந்த வீட்டில் அண்ணி, நாத்தனார் இரண்டு பேருக்குமே மூக்குக்கண்ணாடி, இரண்டு பேருக்குமே கோண வகிடு. ஒருநாள் அண்ணன்காரனே தங்கையைப் பின்னாலிருந்து பார்த்து, "கோவமா செல்லம்?" என்று கொஞ்சப் போய் அசடு வழிந்தான். அன்றிலிருந்து மனைவிக்கு இடப்பக்கம், தங்கைக்கு வலப்பக்கம் என்று வகிட்டைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பான்.

அண்ணி எழுதுவது நாலு வரிக் கிண்டல் பாட்டு. அதற்கு நாத்தனார் படம் செதுக்குவாள். இருவரும் சேர்ந்து போடும் முதல் புத்தகம் இது. போன வாரம் சாப்பாட்டு மேசையில், புருஷன் எதிரிலேயே, "அண்ணி, அந்தக் குடைப் பாட்டுல கடைசி வரி நொண்டுது" என்று நாத்தனார் சொல்லிவிட்டாள். அண்ணிக்குச் சுருக்கென்றது. அந்தச் சூட்டிலேயே உட்கார்ந்து நாத்தனாரைக் குத்தி ஒன்று எழுதி, மற்ற பாட்டுகளோடு செருகிக் கொடுத்துவிட்டாள்.

நிலவைக் காட்டினால், "கறை" என்றாள்.
மலரைக் காட்டினால், "குறை" என்றாள்.
முகம்பார்க்கும் கண்ணாடி காட்டினால்,
"முதலில் இதை மாற்று" என்றாள்.

கொடுத்த மறுநாளே அண்ணி காய்ச்சலில் விழுந்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்து நெற்றிக்கு ஈரத்துணி மாற்றிக்கொண்டே இருந்தது யார்? இதே நாத்தனார்தான். கூடப் பிறந்தவள் இல்லாத குறையைத் தீர்க்க வந்தவளைப் போய் இப்படிக் குத்திவிட்டோமே என்று, துணி மாறும் ஒவ்வொரு தடவையும் அண்ணிக்குக் குறுகுறுத்தது. இவள் மனசு விட்டுப்போனால் புத்தகம் மட்டுமா போகும்?

"ஏம்மா, இந்தப் பாட்டு வேண்டாமே. எடுத்துடலாம்," என்று இப்போது மெல்ல ஆரம்பித்தாள் அண்ணி.

"ஐயையோ, ஏன் அண்ணி? மொத்தத்துல இதுதான் டாப்பு. படிச்சிட்டு விழுந்து விழுந்து சிரிச்சேன்."

"இல்ல... யார் மனசாவது புண்படும்."

"சம்பந்தப்பட்டவங்களுக்கே பரவாயில்லைன்னா ஊருக்கென்ன வந்துச்சு?" நாத்தனார் உளியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆனாலும் இப்படி எழுத ஒரு தைரியம் வேணும்."

வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிறாள் என்று அண்ணி நினைத்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தப் பாட்டை நான் எதுக்கு எழுதினேன்னா..."

"இருங்க இருங்க, மொதல்ல ஒரு தாள் எடுத்துப் பார்த்துடலாம்."

நாத்தனார் உருளையில் மை தடவிக் கட்டைமேல் ஓட்டினாள். மெல்லிய தாளைப் போர்த்தி, கரண்டியின் முதுகால் நிதானமாகத் தேய்த்தாள். அண்ணி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும், மானம் போனால் போகட்டும்.

நாத்தனார் தாளை உரித்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

எறும்பாய் ஊர்ந்த எழுத்துகள் இப்போது நேராகத் திரும்பி, பாட்டின் தலைப்பாக நின்றன. கட்டையில் வலப்பக்கம் இருந்ததெல்லாம் தாளில் இடப்பக்கம் வந்திருந்தது. வகிடும்தான்.

அண்ணியின் கை தானாகத் தன் தலைக்குப் போனது.

"உங்களை நீங்களே இப்படிக் கிண்டல் பண்ணிக்க ரொம்பப் பெரிய மனசு வேணும், அண்ணி!"