கதிர் வந்த மாதம்

கோதுமையில் கதிர் வந்ததிலிருந்து மரியபுஷ்பத்துக்குக் குளிர் விடவேயில்லை. கோத்தகிரிப் பண்ணையில் பனிக்காவல் அவள் வேலை. பிடரித் தோலுக்குள் வைத்துத் தைத்திருக்கும் மின்வில்லை வழியாக வயலின் குளிர் அவள் உடம்பில் ஏறும். விரல்கள் விறைத்ததும் ஓடிப்போய்த் தெளிப்பானைத் திறந்துவிட வேண்டும். பயிர் இளசாக இருந்தபோது தொல்லையில்லை, எந்தப் பனியையும் தாங்கிக்கொண்டது. இப்போது லேசான பனிக்கே நடுங்குகிறது. கூடவே அவளும் நடுங்குகிறாள்.

விடிந்தும் மகள் ஜெனிட்டா எழுந்திருக்கவில்லை.

"தலை வலிக்குதும்மா."

புஷ்பம் நெற்றியைத் தொட்டாள். தோசைக்கல்லாகச் சுட்டது. ஆனால் இந்த மாதம் முழுக்க அவள் கைக்கு எல்லாமே சுட்டது. போன வாரம் நன்றாக இருந்த பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்தைப் புகட்டிவிட்டுக் கணவனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். இன்று அவனும் வீட்டில் இல்லை. உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்துச் சூடேற்றிக்கொண்டு மறுபடி தொட்டாள்.

ஜெனிட்டா அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டாள்.

"விடும்மா, உனக்குத் தெரியாது. நான் ரோஸி அத்தைகிட்ட காட்டிட்டு வரேன்."

போர்வையைச் சுற்றிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். கூடவே போகலாமென்று புஷ்பமும் எழுந்தாள். அதற்குள் விரல்கள் விறைத்தன. செருப்பை மாட்டிக்கொண்டு வயல் பக்கம் நடந்தாள்.